பெயர் கூறாச் சபையைக் கண்ட பில் வில்சன்

புலவர், புரவலர், அரசியலறிஞர், துறவியர் என்போரின் வரலாறுகளையே இத்தகைய பக்கங்களில் வாசித்துப் பழகிய அன்பர்கள், இன்று நான் எடுத்துக்கொண்ட மனிதரைக் கண்டு சற்றே புருவம் நெரிக்கவுங்கூடும். அவர் புலவருமல்லர், துறவியுமல்லர். பங்குச் சந்தையிற் பொருளீட்டப் புறப்பட்டு, கைப்பொருளையும் நற்பெயரையும் குடித்தழித்து, முப்பத்தொன்பதாவது வயதில் வைத்தியர்களாற் கைவிடப்பட்ட ஓர் அமெரிக்கக் குடியர். ஆயினும், குடியை விட விரும்பும் ஒருவன் இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றுள் எதிற் போயிறங்கினாலும், அன்று மாலையே சென்றமர ஓர் அறையும், அவனை யாரென்று வினவாது வரவேற்க நாலு பேரும் இருப்பரெனின், அந்நிலைக்குக் காரணராய இருவருள் ஒருவர் இவரே.

அவ்வறைகளைப் பற்றிக் கேள்விப்பட்டோர் பலர். முதலாவது கூட்டம் எவ்வாறு தேடிக் கண்டடையப்பட்டது என்பதை அறிந்தோர் சிலர். தேடியவர் பிறரைக் காக்கவே தேடினார் என்பது பொதுவான எண்ணம். வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து, தம்மைக் காத்துக்கொள்ளவே அவர் தேடினார் என்பது புலனாகின்றது. என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியதும் அதுவே.

வில்லியம் கிரிபித் வில்சன் என்பது அவரது முழுப்பெயர். அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள வேர்மொன்ட் மாநிலத்தில், சலவைக்கல் வெட்டும் மலைகளின் அடிவாரத்திலமைந்த ஈஸ்ட் டோர்செட் என்னும் சிற்றூரில், 1895 நவம்பர் 26ஆம் நாள் பிறந்தார். அவருடைய பாட்டியார் அவ்வூரில் ஒரு விடுதி நடத்திவந்தார். அவ்விடுதியின் மதுச்சாலைக்குப் பின்புறத்து அறையிலேயே குழந்தை பிறந்தது. கதாசிரியன் ஒருவன் இவ்வாறு எழுதியிருப்பானாயின், செயற்கையென்று நாம் நகைத்திருப்போம். மெய்வாழ்க்கைக்கு அந்த அச்சம் இல்லைப் போலும்.

தந்தையார் கற்சுரங்கத் தொழிலை மேற்பார்த்தவர். பில்லுக்குப் பத்து வயதளவில் அவர் குடும்பத்தை விட்டுக் கனடாவின் மேற்குக் கோடிக்குப் போய்விட்டார். தாயாரும் மருத்துவம் பயில வேண்டிப் பொஸ்டன் நகருக்குச் சென்றார். பில்லும் தங்கை டொறத்தியும் தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தனர். ஒருநாள் பாட்டனார், எறிந்தவன் கைக்கே திரும்பிவரும் பூமராங் என்னும் வளைதடியை அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளன்றிப் பிறர் எவராலும் செய்ய முடியாதெனத் தற்செயலாகக் கூறினார். சிறுவனுக்கு அது பொறுக்கவில்லை. பாடங்களை மறந்தான், ஏறக்குறைய ஆறு மாதம் மரத்தைச் செதுக்குவதும் எறிவதுமாகவே இருந்தான், ஈற்றில் தன் கட்டிலின் தலைப்பலகையையே அறுத்தெடுத்துச் செய்த தடி வளைந்து திரும்பி வந்தது. எதிலும் தானே முதல்வனாதல் வேண்டும் என்னும் இந்த வெறி பிற்காலத்தில் அவரைப் படுத்திய பாட்டை அவரே பலமுறை எண்ணி வருந்தியதுண்டு.

பள்ளிக்கூடத்தில் பேர்தா என்னும் மாணவியின்பால் அவர் மனத்தைப் பறிகொடுத்திருந்தார். 1912ஆம் ஆண்டு அப்பெண் நியூயோர்க் நகரில் சத்திரசிகிச்சையொன்றின் பின் இறந்துபோனாள். காலைத் தொழுகைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அச்செய்தியை வாசித்தபோதே பில் அதனை அறிந்தார். அதன்பின் பல மாதங்கள் படிப்பு ஓடவில்லை. எழுந்து நடமாடவும் மனம் வரவில்லை. மனச்சோர்வு என்னும் அந்நோய் அவரை விட்டு முற்றாக நீங்கியதே இல்லை. மது வருவதற்கு முன்னரே அது வந்துவிட்டது. மது போன பின்னரும் அது இருந்தது. அவரைப் பற்றி எழுதுவோர் இதனை விரைவாகக் கடந்துவிடுவதை நான் பலவிடத்துங் கண்டிருக்கிறேன்.

முதலாம் உலக யுத்தம் மூண்டது. இளம் இராணுவ அதிகாரியாக நியூ பெட்போர்ட் நகருக்கருகே தங்கியிருந்த காலை, 1917இல், செல்வர் வீட்டு விருந்தொன்றில் முதன்முதல் மதுவருந்தினார். அதுகாறும் நாலுபேர் நடுவிற் பேசக் கூசிய நாட்டுப்புற இளைஞருக்கு அன்று நாவும் தோளும் இலேசாயின. தாம் பிறரோடு ஒருவராகிவிட்டதாக உணர்ந்தார். 1918 ஜனவரி 24இல் லோயிஸ் பேர்ணம் என்னும் வைத்தியர் மகளை மணந்தார். அவ்வாண்டே யுத்தத்தின் பொருட்டு இங்கிலாந்து சென்ற அவர், வின்செஸ்டர் பேராலயத்தின் முற்றத்தில் ஒரு கல்லறையைக் கண்டு நின்றார். வெயிலில் உடல் கொதித்திருந்த வேளை மென்பியர் குடித்துக் காய்ச்சல் கண்டு 1764 மே 12இல் இறந்த ஓர் இளம் படைவீரனின் கல்லறை அது. இருபத்திரண்டு வயதினராகிய பில் அதனை வேடிக்கையாகவே வாசித்தார். மே 12 என்னும் அந்நாளை வாசகர் நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகிறேன். அது மீண்டும் வரும்.

யுத்தம் முடிந்து மீண்டவர் புரூக்ளினில் இரவு நேரச் சட்டக் கல்லூரியிற் சேர்ந்தார். பரீட்சையொன்றின்போது சிந்திக்கவோ எழுதவோ இயலாத போதையில் இருந்தார். பட்டத்தை அவர் பெற்றுக்கொள்ளவேயில்லை. எனினும் மூளை கூர்மையானது. பங்குகளை வாங்குவோர் அந்நிறுவனம் எவ்வாறு நடைபெறுகிறதென்பதை நேரிற் கண்டறிவதில்லையே என்று எண்ணி, 1925இல் மனைவியையும் ஏற்றிக்கொண்டு பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளிற் புறப்பட்டார். இரவிற் கூடாரம்; பகலில் ஆலைகளைப் பார்வையிடல். அவரனுப்பிய அறிக்கைகளால் நியூயோர்க் தரகர்கள் பெரும் இலாபம் ஈட்டினர். அவரும் ஈட்டினார், ஈட்டியதைக் குடித்தார். லோயிஸ் அம்மையாருக்கு மும்முறை கருச்சிதைந்தது. இனிப் பிள்ளைப்பேறு இல்லையென்றாயிற்று. அந்நாட்களிலும் கணவர் அருகில் நிதானத்தோடு இருந்தாரில்லை. குடும்ப வேதாகமத்தின் ஏட்டில், இனிக் குடியேன் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார், சின்னாளிற் குடித்தார், பின்னும் எழுதிக் கொடுத்தார்.

1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியோடு செல்வமும் போயிற்று. கிளின்டன் வீதியிலிருந்த மாமனார் வீட்டிற் குடியேறினர். லோயிஸ் ஒரு பெரிய கடையில் வேலைக்கமர்ந்தார். அவர் கைப்பையிலிருந்து கணவர் காசெடுத்துக் குடித்தார். நியூயோர்க்கின் டவுன்ஸ் வைத்தியசாலையில் 1933, 1934ஆம் ஆண்டுகளில் நான்கு முறை சேர்க்கப்பட்டார். அங்கிருந்த வைத்தியர் சில்க்வர்த் கருணை மிக்கவர். குடியரைத் தீயொழுக்கத்தினராகக் கருதும் வழக்கத்தினின்று விலகி, உடலில் ஓர் ஒவ்வாமையும் மனத்தில் ஓர் அடங்கா வேட்கையும் கூடிய நோயாளராக அவரைக் கருதியவர். ஆனால் நோயின் பெயரை அறிந்ததால் நோய் நீங்கிவிடவில்லை. இந்நிலை நீடிப்பின் மூளை பழுதடையும், அன்றேல் உயிர் போகும் என்று அவ்வைத்தியர் லோயிஸிடம் மறையாது கூறினார்.

1934 நவம்பர் இறுதியில், எபி தச்சர் என்னும் பழைய குடித் தோழர் வீட்டுக்கு வந்தார். பில் மதுவை ஊற்றி நீட்ட, வந்தவர் வேண்டாமென்றார். பில் திகைத்தார். ஒக்ஸ்போர்ட் குழு என்று அக்காலத்தில் வழங்கிய சமய இயக்கமொன்றில் எபி சேர்ந்திருந்தார். தன் தோல்வியை ஒப்புக்கொள்ளல், குற்றங்களைப் பிறரொருவரிடம் திறந்து கூறல், தீங்கிழைத்தோருக்கு ஈடுசெய்தல், இறைவனை வேண்டல் ஆகியன அக்குழுவின் நெறிகள். பில் இறைவனை ஒப்பாதவர், எரிச்சலுற்றார். எனினும், எதிரே அமர்ந்திருந்தவன் தன்னைப்போன்றே குடித்தவன், இன்று குடியாதவன் என்ற காட்சியை அவரால் மறுக்கக்கூடவில்லை. டிசெம்பர் 11இல் நான்காம் முறையாக வைத்தியசாலை சேர்ந்தார். சில நாட்களின் பின், தனித்துக் கிடந்து கதறிய ஒரு வேளையில், அறை முழுதும் ஒளி பரந்ததாகவும், மலைமுகட்டுக் காற்று தம்முள் வீசியதாகவும் உணர்ந்தார். சித்தங் கலங்கிவிட்டதோ என அஞ்சி வைத்தியரை வினவினார். எதுவாயினும் இறுகப் பற்றிக்கொள்ளுமாறு சில்க்வர்த் கூறினார். அங்கு ஊட்டப்பட்ட மருந்தின் மயக்கமே அஃதென்று பின்னாளில் வாதிட்டோருளர். அவ்வழக்கிற் புக எனக்கு விருப்பமில்லை. அதன்பின் அவர் இறக்கும்வரை குடிக்கவில்லை என்பது மட்டும் வழக்கிற்கு அப்பாற்பட்டது.

அடுத்த ஐந்து மாதமும் பில் ஊரைத் திருத்தப் புறப்பட்டார். வைத்தியசாலையிலும் ஏழை விடுதியிலும் கண்ட குடியர்க்கெல்லாம் தாம் கண்ட ஒளியைப் பற்றிப் பிரசங்கித்தார். சிலரை வீட்டுக்கழைத்து வந்து உணவளித்தார். ஒருவரும் திருந்தவில்லை. மனமுடைந்து மனைவியிடம் முறையிட்டபோது, திருத்தப் புறப்பட்டவர் மட்டும் குடியாதிருக்கிறாரே என்று அவ்வம்மையார் சுட்டிக்காட்டினார். சில்க்வர்த்தும், பிரசங்கத்தை விட்டு முதலில் நோயின் இயல்பை எடுத்துரைக்குமாறு அறிவுறுத்தினார். இவ்விரு சொற்களும் பயன்பட்ட இடம் அக்ரன்.

அக்ரன், ஒகையோ மாநிலத்திலுள்ள றப்பர் தொழில் நகரம். அங்குள்ள இயந்திர நிறுவனமொன்றின் நிருவாகத்தைக் கைப்பற்றும் பங்குதாரர் போட்டியொன்றின் பொருட்டு பில் சென்றிருந்தார், போட்டியில் தோற்றார். கூட வந்தவர்கள் ஊர் திரும்பினர். 1935 மே 11, சனிக்கிழமை பிற்பகல். மேபிளவர் ஹோட்டலின் முன்மண்டபத்தில், பையில் ஏறத்தாழப் பத்து டொலரோடு, தன்னந்தனியே உலாவினார். மண்டபத்தின் ஒரு கோடியில் மதுச்சாலை. அங்கிருந்து சிரிப்பொலியும் கண்ணாடிக் குவளைகளின் ஓசையும் வந்தன. மறுகோடியில் தொலைபேசியும், ஊர்த் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும். உள்ளே சென்று ஒரு குளிர்பானம் அருந்தினாலென்ன, பேச்சுத்துணைக்கு யாராவது கிடைப்பரே என்று மனம் வழக்கம்போல் வாதாடத் தொடங்கியது. அப்பொழுதே அவருக்கு அச்சம் பிறந்தது. நியூயோர்க்கில் இத்தனை மாதம் தம்மைக் காத்தது எது? குடியர்களோடு பேசியதே. அவர்கள் திருந்தவில்லை, ஆயினும் இவர் விழவில்லை. ஆகவே இப்பொழுது, இவ்வூரில், இம்மணியில், தமக்கு ஒரு குடியர் வேண்டும்.

பிறர் பிணிக்கு மருந்து தேடித் திரிந்தோரை உலகம் அறியும். பிணியாளன் ஒருவன், தன் பிணிக்கு மருந்தாக இன்னொரு பிணியாளனைத் தேடித் தொலைபேசிக்கு நடந்த அந்தச் சில அடிகளுக்கு ஒப்பான காட்சியொன்றை வேறெந்த வரலாற்றிலும் நான் வாசித்ததில்லை.

பட்டியலில் ஒரு பெயரைத் தெரிந்து, வோல்ட்டர் ரங்ஸ் என்னும் போதகரை அழைத்தார். அவர் தந்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்தார். ஒருவர் ஊரிலில்லை, ஒருவருக்கு நேரமில்லை. முன்பின் அறியாத ஊரில், சனிக்கிழமை மாலையில், தாம் நியூயோர்க்கிலிருந்து வந்த குடியரென்றும், தமக்கு வேறொரு குடியர் தேவையென்றும் மீண்டும் மீண்டும் சொல்ல எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! ஈற்றில் ஹென்றியெட்டா சைபர்லிங் என்னும் அம்மையார் கிடைத்தார். றப்பர்ச் செல்வர் குடும்பத்து மருமகள், ஒக்ஸ்போர்ட் குழுவினர், மதுவருந்தும் வழக்கமில்லாதவர். வாரக்கணக்காக ஒரு வைத்தியருக்காக அவரும் நண்பர்களும் இறைவனை வேண்டியிருந்தனர். எனவே இவ்வழைப்பு அவருக்கு வியப்பளிக்கவில்லை.

அவ்வைத்தியரே றொபேட் ஸ்மித். 1879இல் பிறந்தவர், அவரும் வேர்மொன்ட் மாநிலத்தவர், சத்திரசிகிச்சை நிபுணர், நெடுநாட் குடியர். அன்றே சந்திக்க இயலவில்லை. மறுநாள் அன்னையர் தினமாதலால், மனைவிக்கென ஒரு பூச்செடித் தொட்டியைச் சுமந்துவந்து மேசைமேல் வைத்தவர், தாம் மேசையின் கீழ் வீழ்ந்து கிடந்தார். மறுநாள், மே 12, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, சைபர்லிங் மாளிகையின் வாயில்மனைக்கு மனைவியோடு வந்தார். கை நடுங்கியது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருப்பதில்லையென்று மனைவியிடம் உறுதி வாங்கியே வந்திருந்தார். இருவரையும் சிறிய நூலக அறையொன்றில் விட்டனர். கதவு திறந்தபோது இரவு பதினொரு மணி கடந்திருந்தது.

உள்ளே நடந்தது யாது? பில் பிரசங்கிக்கவில்லை. வைத்தியர்க்கு வைத்தியம் கற்பிக்கவுமில்லை. தாம் குடித்த வரலாற்றைச் சொன்னார். ஒளித்ததும், திருடியதும், எழுதிக் கொடுத்த சத்தியங்களும் வெளிவந்தன. கேட்டவர் தம் வரலாற்றைச் சொன்னார். ஸ்மித் மதுவைப் பற்றிய நூல்களையெல்லாம் படித்தவர். அறிவுரை கூறியோர் அவருக்குக் குறைவில்லை. பட்டறிந்த ஒருவன் வாயிலிருந்து அவர் கேட்டது அன்றே முதன்முறை.

கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. ஜூன் தொடக்கத்தில் வைத்திய மகாநாடொன்றின் பொருட்டு அட்லான்டிக் சிற்றிக்குச் சென்ற ஸ்மித் வழியிலேயே குடித்து, நினைவிழந்து திரும்பினார். பில்லும் திருமதி ஸ்மித்தும் மூன்று நாள் இருந்து தேற்றினர். அவர் சத்திரசிகிச்சையொன்று செய்யவேண்டிய காலையில், கை நடுக்கம் அடங்க பில்லே ஒரு போத்தல் பியரைக் கொடுத்தார். சிகிச்சை முடிந்தும் வைத்தியர் வீடு திரும்பவில்லை. வீட்டார் கலங்கினர். அவரோ, தாம் கடன்பட்டோரையும் தாம் அஞ்சி ஒளித்தோரையும் வீடு வீடாகத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த பியரே அவரது இறுதி மது. 1935 ஜூன் 10ஐ இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கின்றனர்.

இருவரும் மூன்றாமவரைத் தேடி அக்ரன் நகர வைத்தியசாலைக்குச் சென்றனர். தாதியரைத் தாக்கிக் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்த ஒரு வழக்கறிஞர் அங்கே இருந்தார். கட்டிலருகே அமர்ந்து தத்தம் கதைகளைக் கூறினர். அவரும் எழுந்தார். இருவர் பேசியது உரையாடல். மூவர் கூடியதும் அது கூட்டமாயிற்று.

பில் ஊர் திரும்பியபின், கிளின்டன் வீதி வீட்டில் செவ்வாய் இரவுதோறும் குடியர்கள் கூடினர். அந்நாளிற் கூட்டத்தைத் தேடிக் கண்டடைவது எளிதன்று. விளம்பரமில்லை, பெயர்ப்பலகையில்லை. வைத்தியரோ போதகரோ மனைவியோ காதோடு காதாகச் சொன்னாலன்றி வழியில்லை. அக்ரனில் புதியவர் முதலில் வைத்தியசாலையிற் கிடப்பார். பழையவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து தம் கதை கூறுவர். அதன்பின்னரே வீட்டுக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்வர். வந்தபின்னும் உள்ளே நுழைதல் எளிதன்று. 1939இல் மார்ட்டி மான் என்னும் பெண்மணி கிளின்டன் வீதிக்கு வந்தார். குடித்த பெண் என்றால் உலகம் எவ்வாறு நோக்குமென்பதை நன்கறிந்தவராதலின், மேலங்கி கழற்றி வைக்கும் மாடியறையிலேயே ஒதுங்கி நின்றுவிட்டார். லோயிஸ் அம்மையார் படியேறிச் சென்று அன்போடு அழைத்து வந்தார். பிற்காலத்தில், குடி ஒரு நோயே என்பதை அமெரிக்க மக்களுக்கு உணர்த்திய பெரும் பிரசாரகராய் விளங்கியவர் அப்பெண்மணியே.

கூட்டத்தின் ஒழுங்கு மிக எளியது. ஒருவர் எழுந்து தம் முதற்பெயரை மட்டும் சொல்லி, தாம் எவ்வாறு இருந்தார், என்ன நிகழ்ந்தது, இன்று எவ்வாறு இருக்கிறார் என்பதைக் கூறுவார். பிறர் கேட்டிருப்பர். குடியை விட விரும்புவதொன்றே தகுதி. நுழைவுப் பணம் கிடையாது. இறுதியிற் சுற்றிவரும் தட்டில் இயன்றவர் இயன்றதை இடுவர். வீழ்ந்தவன் மறுபடி வந்தாலும் நாற்காலி உண்டு.

நிற்க. இவ்வேற்பாட்டைப் பணம் அணுகிய கதையை இங்கே சொல்லியாக வேண்டும். வறுமை வாட்டிய காலம். 1936ஆம் ஆண்டளவில், டவுன்ஸ் வைத்தியசாலையின் உரிமையாளர் பில்லை அழைத்து, தமது நிலையத்திலேயே பணியாற்றுமாறும், சம்பளமும் இலாபத்திற் பங்கும் தருவதாகவும் கூறினார். பில் மகிழ்ச்சியோடு வீடு வந்தார். அன்று கூட்ட நாள். செய்தியைச் சொல்லச் சொல்ல, இருந்தவர்களின் முகங்கள் வாடின. நண்பனாக வந்து சொன்னதை இனி சம்பளத்துக்குச் சொல்வதாயின், கேட்பவர் எவர் என்பதே அவர்களின் வினா. கூலிக்கு உழைத்த மனைவியின் சம்பளத்தில் உண்டுகொண்டிருந்த மனிதர், தாம் திருத்தியெடுத்த அந்த ஏழைக் கூட்டத்தின் சொல்லுக்கு அடங்கினார், வேலையை மறுத்தார். பூமராங் செய்த சிறுவனை அறிந்தோர்க்கு, அன்று அவர் வென்றது எதனை என்பது விளங்கும்.

பெருஞ்செல்வர் றொக்பெல்லரையும் அணுகினர். அவர் 1938இல் 5,000 டொலர் மட்டும் ஒதுக்கினார். மிகுந்த பணம் இம்முயற்சியைக் கெடுத்துவிடுமென்பது அவர் கருத்து. அதிற் பெரும்பகுதி ஸ்மித் வீட்டின் ஈட்டுக் கடனை அடைக்கச் சென்றது. 1939 ஏப்பிரலில், இவர்களின் அனுபவங்களையும் பன்னிரு படிகளையும் கொண்ட நூல் 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' என்னும் பெயரில் வெளிவந்தது. பெயர் கூறாக் குடிநோயாளர் என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். அப்பெயரே சபைக்கும் ஆயிற்று. இறைவனை ஒப்பாத உறுப்பினர் சிலர் விடாது வாதிட்டதன் பயனாக, அவரவர் தம் அறிவுக்கெட்டியவாறு இறைவனைக் கருதலாமென்ற இடைவெளி நூலில் விடப்பட்டது. புத்தகம் விலைபோகவில்லை. அதே மாதத்தில் வங்கி கிளின்டன் வீதி வீட்டை எடுத்துக்கொண்டது. இரண்டாண்டு காலம் பில்லும் லோயிஸும் நண்பர் வீடுகளில் மாறி மாறித் தங்கினர்; உலகெங்கும் அறைகளைத் திறந்தவருக்குச் சொந்தமாக ஓர் அறை இல்லை.

1941 மார்ச் 1இல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' சஞ்சிகையில் ஜக் அலெக்சாண்டர் என்பவர் எழுதிய கட்டுரை நிலைமையை மாற்றியது. ஏமாற்றென ஐயுற்றே ஆராயப் புகுந்தவர் அவர். கட்டுரை வந்தபின் கடிதங்கள் மழையாகப் பொழிந்தன. எங்கள் ஊரில் கூட்டம் உண்டா என்பதே பெரும்பாலானவற்றின் கேள்வி. இல்லாத ஊர்களுக்கு, நூலின் பிரதியோடு அங்கு கேட்டெழுதிய மற்றவரின் விபரமும் சென்றது; இருவர் சேர்ந்தால் கூட்டம். அவ்வாண்டு தொடக்கத்தில் இரண்டாயிரமளவில் இருந்த உறுப்பினர் தொகை, ஆண்டு முடிவில் எண்ணாயிரமளவாயிற்று. இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் 20 இலட்சம் பேர் என்பது இயக்கத்தாரின் மதிப்பீடு. இதன் பயனைப் பற்றி ஆய்வாளரிடையே நெடுங்காலம் ஐயமிருந்தது. 2020இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளை ஒப்புநோக்கி, தொடர்ந்து குடியாதிருப்பதற்கு இவ்வழி ஏனைய சிகிச்சை முறைகளுக்குக் குறைந்ததன்று, சிலவிடத்து மேம்பட்டதுமாகும் என்று கண்டது.

சபை வளர வளர பில் தம்மைக் குறைத்துக்கொள்ளும் விதிகளைத் தாமே எழுதினார். தலைவரில்லை, புறத்தார் கொடை வேண்டாம், அரசியல், சமயப் பிணக்குகளிற் சபை தலையிடாது, பத்திரிகையில் எவர் பெயரும் முகமும் வரலாகாது. பன்னிரு மரபுகள் எனப்படும் இவை 1946இல் வெளியாகி, 1950இல் கிளீவ்லாந்து மகாநாட்டில் ஏற்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 16இல் ஸ்மித் காலமானார். 1954இல் யேல் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டமளிக்க முன்வந்தபோது பில் மறுத்தார். 1955இல் சென்ற் லூயிஸ் நகரிற் கூடிய பேரவையில், பொறுப்பையெல்லாம் உறுப்பினரின் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார். புகழை விரும்பாதவர் புகழை மறுத்தல் பெரிதன்று. இவர் புகழுக்கு ஏங்கியவர்.

இவர் வாழ்க்கையில் என் மனத்தை உறுத்தும் செய்தி இதன்பின்னரே வருகிறது. 1944 முதல் பத்தாண்டுக்கு மேலாக அவரை மனச்சோர்வு மீண்டும் வாட்டியது. எழுதும் மேசையிலே தலைகவிழ்ந்து கிடந்த நாட்கள் பல. ஏனைய உறுப்பினர் அத்தகைய நாளில் என் செய்வர்? அண்மையிலுள்ள கூட்டத்துக்குப் போய், பின்வரிசையில் அமர்ந்து, தம் முறை வரும்போது மனத்தைத் திறப்பர். பில்லுக்கு அஃது இயலவில்லை. அவர் நுழைந்தவுடன் அறை எழுந்து நின்றது, மேடைக்கழைத்தது, மே 12இன் கதையை மீண்டும் கேட்டது. தாபகர் அழுவதைக் கேட்க எவர்க்கும் விருப்பமில்லை. உலகத்தார்க்கெல்லாம் கூட்டம் கிடைக்கச் செய்தவர்க்கு, ஓர் உறுப்பினராய்ச் சென்றமரக் கூட்டம் கிடைக்கவில்லை. அவர் மனநோய் வைத்தியரை நாடினார், கத்தோலிக்க குரு ஒருவரின் நட்பை நாடினார், 1956இல் எல்.எஸ்.டி. என்னும் மருந்தை வைத்தியர் மேற்பார்வையில் உட்கொண்டு பார்த்தார். உறுப்பினர் பலர் முகஞ்சுளித்தனர்.

குறைகளும் இருந்தன. இல்லறத்தில் அவர் நேர்மையாக நடக்கவில்லை. நூல் வருமானத்திற் பத்திலொரு பங்கை வேறொரு பெண்மணிக்கு எழுதிவைத்தார். 1951இல் குடியரின் குடும்பத்தார்க்கென அல்-அனோன் என்னும் தனிச் சபையை அமைத்த லோயிஸ், இவையனைத்தையும் அறிந்தவர். அவ்வம்மையாரின் வரலாறு தனியே எழுதப்படவேண்டியது. முதற்செய்தியைக் கொண்டுவந்த எபி பலமுறை மீண்டும் குடித்து வீழ்ந்தார். பில் அவரை ஒருபோதும் கைவிடவில்லை. 1966இல் அவர் இறக்கும்வரை தமது வழிகாட்டியென்றே கூறிவந்தார்.

மதுவை விட்டவரைப் புகைத்தல் விடவில்லை. நுரையீரல் நோய் முற்றிப் பிராணவாயுக் கருவியோடு படுத்தார். இறுதி வாரங்களில் அவர் விஸ்கி கேட்டதாகத் தாதியரின் குறிப்பேட்டிற் பதிவாகியுள்ளது, மறுக்கப்பட்டபோது சினந்தார். முப்பத்தாறு ஆண்டுகளின் பின்னரும் அவ்வேட்கை அவருள் உயிரோடிருந்தது. கொடுத்தாரில்லை, அவரும் குடியாமலே இறந்தார். மியாமி நகரில் 1971 ஜனவரி 24இல் உயிர் நீங்கியது. அன்று அவர்களின் ஐம்பத்துமூன்றாவது திருமண நாள். இரண்டு நாளின் பின் நியூயோர்க் டைம்ஸ் முதற்பக்கத்தில் அவர் முழுப்பெயரை வெளியிட்டது.

பிறந்த ஊரிலேயே அடக்கஞ் செய்தனர். எளிய கல்லில் அவர் பெயரும் ஆண்டுகளும் இராணுவப் பதவியும் உள. சபையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தேடி வருவோர், தாம் குடியாதிருந்த மாதங்களையும் ஆண்டுகளையும் குறிக்கும் சிறு வில்லைகளை அக்கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகின்றனர்.